கிளிஞ்சல் கூரை

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் தலைக்கு மேலே இருப்பது பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். மர உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். தட்டத் தட்டக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். சுண்ணாம்பு? கடலோரக் கிளிஞ்சலைச் சுட்டது.

வேடிக்கை என்னவென்றால், 1904இல் சென்னையில் சிமெண்ட் தயாரிக்கப் பார்த்தவர்களும் இதே கிளிஞ்சலைத்தான் நம்பினார்கள். தேறவில்லை. 1914இல் போர்பந்தரில் சிமெண்ட் ஜெயித்தது. அப்புறம் சுண்ணாம்புக் கொத்தனார்களுக்கு மெல்ல மெல்ல வேலை போனது.

சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்ட் அவ்வளவு விடாது. பழைய சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் உதிரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ‘பழைய வீடே மோசம்’ என்கிறோம்.

எங்கள் வீட்டில் இரண்டு உத்தரம் உளுத்திருந்தது. “இடிச்சுட்டு கான்கிரீட் போட்ருவோம் சார்” என்றார் கான்ட்ராக்டர். ‘பசுமை’ என்று லேபிள் ஒட்டி விற்கும் எதையும்விட, என்றோ சுட்டு முடித்த அந்தச் செங்கல்தான் எனக்குப் பசுமையாகத் தெரிந்தது. உத்தரத்தை மட்டும் மாற்றினோம். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரைத் தேடத்தான் நாலு மாசம் ஆச்சு.