ஆர்க்கைவ்: ஓர் இலவச இயற்பியல் நூலகம் பிறந்த கதை

இயற்பியலும் வானியலும் படிக்க இணையத்தில் எத்தனையோ தளங்கள் இருக்கின்றன. தினம் ஒரு வானியல் படம் காட்டும் நாசாவின் தளம் 1995-ல் தொடங்கியது. தன் பாடங்களை இலவசமாக இணையத்தில் வைக்கப்போவதாக அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2001-ல் அறிவித்தது. இவை இரண்டுக்கும் அண்ணன் ஒன்று உண்டு. இணைய உலாவி என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாத 1991-ல் பிறந்தது அது. பெயர் ஆர்க்கைவ்.

அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது? ஒரு ஆய்வுக் கட்டுரை இதழில் அச்சாகப் பல மாதங்கள் ஆகும். அதுவரை காத்திருக்க யாருக்குப் பொறுமை? எனவே கட்டுரையை நகலெடுத்து, தெரிந்தவர்களுக்குத் தபாலில் அனுப்பிவிடுவார்கள். இதற்கு முன்பதிப்பு என்று பெயர். சிக்கல் எங்கே என்றால், அந்த 'தெரிந்தவர்கள்' பட்டியலில்தான். பிரின்ஸ்டன், ஹார்வர்டு போன்ற இடங்களில் இருப்பவருக்கு உடனே வந்துவிடும். ஏதோ ஒரு சிறிய ஊரின் கல்லூரியில் அதே துறையில் உழைப்பவருக்கோ, இதழ் அச்சாகி நூலகத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் விஷயமே தெரியும். அதற்குள் மற்றவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பார்கள். திறமை இருந்தும் முகவரி சரியில்லாததால் பின்தங்கியவர்கள் எத்தனை பேரோ!

இதை மாற்ற உதவியது டெக் என்ற மென்பொருள். டொனால்ட் நூத் என்ற கணினி அறிஞர் 1970-களின் இறுதியில் உருவாக்கியது. எவ்வளவு பெரிய சமன்பாட்டையும் சாதாரண விசைப்பலகை எழுத்துகளாலேயே எழுதிவிடலாம் என்பதுதான் இதன் சிறப்பு. அப்படியானால் மின்னஞ்சலிலும் அனுப்பலாம் அல்லவா? ஜோஆன் கோன் என்ற இயற்பியலாளர் அதைத்தான் செய்தார். இழைக் கோட்பாட்டில் வரும் புதுக் கட்டுரைகளைச் சேகரித்து, கேட்டவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே அனுப்பிக்கொண்டிருந்தார். இந்தப் பெயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அது நியாயமில்லை.

அவர் கையால் செய்ததைக் கணினியே செய்யட்டும் என்று நிரல் எழுதியவர் பால் கின்ஸ்பார்க். லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இருந்த ஒரு நெக்ஸ்ட் கணினியில் 1991 ஆகஸ்ட்டில் அது இயங்கத் தொடங்கியது. குறிப்பிட்ட முகவரிக்கு ஒரு கட்டளையை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும், கேட்ட கட்டுரை திரும்பி வரும். அனுப்பியவர் நோபல் பரிசு பெற்றவரா, முதலாண்டு மாணவரா என்று கணினி பார்க்காது. ஆண்டுக்கு நூறு கட்டுரை வரலாம் என்றுதான் கின்ஸ்பார்க் எதிர்பார்த்தார். 2021 முடிந்தபோது மொத்தம் இருபது லட்சத்தை நெருங்கியிருந்தது!

ஆரம்பத்தில் அதன் இணைய முகவரி மூன்று எக்ஸ் எழுத்துகளோடு தொடங்கியது. வேறு மாதிரித் தளம் என்று நினைத்துச் சில வடிகட்டி மென்பொருள்கள் அதைத் தடுத்த வேடிக்கையும் நடந்தது. 1998 இறுதியில் ஆர்க்கைவ் என்ற பெயர் வந்தது. 2001-ல் கின்ஸ்பார்க்குடன் சேர்ந்து தளமும் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குக் குடிபெயர்ந்தது. வெளிநாட்டு இணைப்பு ஆமை வேகத்தில் இருந்த நாட்களில் இதன் நகல் தளம் ஒன்று சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இயங்கியது. இந்திய மாணவர்களுக்கு அது பெரிய உதவி.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ஆர்க்கைவில் வருவது துறைக்குப் பொருத்தமானதா என்றுதான் பார்ப்பார்கள், சரியா தவறா என்று தேர்வு செய்வதில்லை. 2011 செப்டம்பரில் ஓபரா ஆய்வுக் குழு ஒரு கட்டுரையை வெளியிட்டது. செர்னிலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ வரை சுமார் 730 கி.மீ. சென்ற நியூட்ரினோக்கள், ஒளியைவிட 60 நானோ நொடி முன்னதாக வந்துவிட்டன என்றது அது. ஐன்ஸ்டைன் தவறா? உலகமே பரபரத்தது. விளக்கம் சொல்லும் கட்டுரைகள் ஆர்க்கைவில் குவிந்தன. கடைசியில் 2012-ல் தெரிந்த முக்கியக் காரணம், சரியாகப் பொருத்தப்படாத ஒரு ஒளியிழைக் கம்பி! ஆனால் அளவீடு முழுவதும் எல்லோர் கண் முன்னும் கிடந்ததால், உலகின் எந்த மூலையில் இருந்தவரும் அதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. பழைய தபால் பட்டியலில் இது நடந்திருக்குமா?

ஆய்வாளர்களுக்காகப் பிறந்த தளம்தான், மாணவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. ஷான் கேரல் என்பவர் பொதுச் சார்பியல் பற்றிய தன் வகுப்புக் குறிப்புகளை 1997 டிசம்பரில் இதில் ஏற்றினார். 200 பக்கங்களுக்கு மேல் வரும். பின்னாளில் அது விலை கொடுத்து வாங்கும் பாடநூலாக வளர்ந்தது, ஆனால் பழைய குறிப்புகள் இலவசமாக அங்கேயே இருக்கின்றன. தேடும் பெட்டியில் பிடித்த தலைப்போடு 'லெக்சர் நோட்ஸ்' என்பதையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்டினால் இதுபோல இன்னும் பல கிடைக்கும். இயற்பியல் கல்விக்கும் இயற்பியல் வரலாற்றுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. சமன்பாடுகளைக் கண்டு மிரள்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.