ஆனையிறவின் அடிச்சுவடு

அளவெட்டிச் செம்மண்ணில் மழைக்குப் பின் நாம் காண்பது மாட்டின் குளம்படியும் நாயின் காலடியுந்தான். காட்டுயானையின் சுவட்டை அங்கே காண முடியாது. எனினும், நமது குடாநாட்டின் வாயிலுக்கு ஆனையிறவு என்றே பெயர்.

1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், வன்னியரிடம் யானைகளைத் திறையாகப் பெற்றனர். அவை ஆழமற்ற கடனீரேரியைக் கடந்து வந்தன. ஊர்காவற்றுறையில் கப்பலேறி இந்தியா சென்றன.

யானை பிடிப்போர்க்கு முதற்பாடம் சுவடு படித்தல். முன்காற் சுவடு வட்டம். பின்காற் சுவடு நீள்வட்டம். நகப்பதிவு போன திசையைச் சொல்லும். முன்காற் சுவட்டின் சுற்றளவை இரட்டித்தால் ஏறத்தாழத் தோளுயரம் கிடைக்கும். விளிம்பு கூராக இருந்தால் புதியது. உதிர்ந்து, மேலே பூச்சி ஊர்ந்த கோடு கிடந்தால் பழையது.

ஏட்டைச் சுவடி என்கிறோம். இரண்டும் படிக்கப்பட வேண்டியவையே.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாம மக்கள் பெயர்ந்தபோது அளவெட்டியாரும் நடந்தனர். தென்மராட்சி தாண்டி வன்னி சேர்ந்தோர் பலர். யானை வந்த திசைக்கு எதிராக மனிதர் போயினர்! புத்தகம் படித்த நாங்கள், விடியலில் வயல்வரம்பிற் பதிந்த வட்டத்தைப் படிக்கத் தெரியாமல் நின்றோம். காடறிந்த அவ்வூர் முதியவரே எங்களுக்கு ஆசான். விளிம்பைத் தொட்டுப் பார்த்து, இன்று இவ்வழி வேண்டாம் என்பார், நாங்கள் திரும்பிவிடுவோம்.

கடந்து சென்ற கால்களின் தடத்தைக் கடனீரேரி வைத்திருப்பதில்லை. யானைகளுக்கு ஓர் ஊர்ப்பெயராவது மிஞ்சியது. நடந்த மனிதரின் சுவட்டை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.