பழையதை அழிக்காமல் புதுப்பிப்பது எப்படி?

நண்பர்களே, இந்த முறை எடுத்துக்கொண்ட தலைப்பு கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது. ஆனால் தொடங்கப் போவது ஒரு கோயிலில்!

அரியலூர் பக்கம் திருமழபாடி. அங்குள்ள சிவன் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்டும்படி ராஜராஜ சோழன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் (சுமார் கி.பி. 1013) உத்தரவிட்டான். சுவரெல்லாம் கல்வெட்டு. கோயிலுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கு அதில்தான் இருந்தது. சுவரை இடித்தால் கணக்கும் போய்விடுமே? அதனால் முதலில் அனைத்தையும் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். புதுச் சுவரில் அவை மீண்டும் வெட்டப்பட்டது ராஜேந்திர சோழனின் 14ஆம் ஆண்டில், அதாவது சுமார் 1026இல். இடையில் 13 வருடங்கள்! அதுவரை அந்தப் படிதான் ஆதாரம். இன்று நாம் 'பேக்கப்' என்று சொல்வது இதைத்தான்.

இனி நம்ம தென்காசிக்கு வருவோம். திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆனது. மாநிலம் மாறியது, மாவட்டம் மாறியது. ஆனால் வயல் அதே இடத்தில்தான் இருக்கிறது. அது யாருடையது என்று சொல்லும் பதிவேடும் மாறாமல் இருக்க வேண்டும் அல்லவா?

அங்கேதான் சிக்கல். நில ஆவணங்களைப் புதுப்பிக்க 1979 முதல் 1987 வரை தமிழகம் முழுவதும் யு.டி.ஆர். என்ற திட்டம் நடந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் பெயர் மாறிப்போனது, உட்பிரிவு விட்டுப்போனது என்று பிழைகளும் நுழைந்தன. அவற்றைத் திருத்தக் கோரும் மனுக்கள் பல வருடம் கழித்தும் வந்தன. அப்போது கை கொடுத்தது யு.டி.ஆருக்கு முந்தைய பழைய பதிவேடு. அதைத் தூக்கிப் போட்டிருந்தால் நிலத்துக்காரர் கதி என்ன?

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். ஒரு காலத்தில் கடை, அலுவலகம் எங்கும் டிபேஸ், பாக்ஸ்புரோ. மைக்ரோசாப்ட் 1992இல் பாக்ஸ்புரோவை வாங்கியது. கடைசிப் பதிப்பு 2004இல் வந்தது. 2015 ஜனவரியோடு ஆதரவும் நின்றுபோனது. மென்பொருள் ஓய்வு பெற்றாலும் தகவல் ஓய்வு பெறாது.

தமிழுக்குக் கூடுதல் தலைவலி ஒன்று உண்டு. அப்போது ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு குறியீடு. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டைத் தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடுக்கு மாறியது. பழைய குறியீட்டில் உள்ள 'முருகன்' என்ற பெயரைச் சரியாக மாற்றாமல் புது மென்பொருளில் திறந்தால் புரியாத குறிகள்தான் வரும். பதிவு இருக்கும், ஆள் இருக்க மாட்டார்!

ஆகவே செய்ய வேண்டியவை:

1. முதலில் பழைய கோப்புகளை அப்படியே நகல் எடுத்துத் தனியே வைக்கவும்.
2. அசலில் கை வைக்காமல் நகலில் மாற்றிப் பார்க்கவும்.
3. இரு பக்கமும் பதிவுகளின் எண்ணிக்கை, தொகைக் கூட்டல், பெயர்கள் மூன்றையும் ஒப்பிடவும்.
4. சில காலம் பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓட்டவும்.
5. புதியது நன்றாக ஓடினாலும் பழைய நகலை அழிக்க வேண்டாம்.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் கட்டியவன் பராக்கிரம பாண்டியன். பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களைத் தான் வணங்குவதாக அவன் கல்வெட்டில் சொல்லியிருக்கிறான். கட்டிய அரசனே, பின்னால் வந்து பராமரிப்பவரை வணங்குகிறான்! அடுத்தவர் எழுதிய பழைய புரோகிராமைப் பொறுமையாகப் புதுப்பிக்கும் நண்பர்களுக்கும் அந்த வணக்கத்தில் பங்கு உண்டு என்பேன்.