புகுமுக வகுப்பு: ஒரு பெயர் போன வழி

மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு 'மதுரைக் கல்லூரி மேல்நிலைப் பள்ளி' என்று பெயர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெயர்ப்பலகையை இன்னொரு முறை படிப்பார்கள். பள்ளியா, கல்லூரியா? உள்ளூர்க்காரர்களுக்கு இதில் வியப்பில்லை. இரண்டும் ஒரே நிர்வாகத்தில் வளர்ந்தவை. இந்த ஊரில் கல்லூரி என்பதே பள்ளிக்கூடத்தின் மேல்தளமாகத்தான் தொடங்கியது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை படிக்கும் வகுப்பு பள்ளியைச் சேர்ந்ததா கல்லூரியைச் சேர்ந்ததா என்ற வழக்கு அன்றைக்கே பிறந்துவிட்டது. அந்த வகுப்புக்கு நாம் இட்ட பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வழக்கு யார் பக்கம் சாய்ந்தது என்று தெரியும்.

முதல் பெயர் எஃப்.ஏ., அதாவது ஃபர்ஸ்ட் ஆர்ட்ஸ். 1881-இல் பசுமலையில் அமெரிக்க மிஷன் தொடங்கிய கல்லூரி, இன்றைய அமெரிக்கன் கல்லூரியின் வேர், எஃப்.ஏ. வரைக்கும் மட்டுமே நடத்திய 'இரண்டாம் தர'க் கல்லூரி. தரம் என்று சொன்னது கற்பித்தலின் உயர்வு தாழ்வை அல்ல. பட்டம் வரை போகிறதா, பாதியில் நிற்கிறதா என்பதை. மெட்ரிகுலேஷன் தேறியவன் எஃப்.ஏ.யில் சேர்ந்தால் அவன் கல்லூரி மாணவன்.

எஃப்.ஏ. என்ற இரண்டெழுத்தை இன்றும் தமிழர் நினைவில் வைத்திருப்பவர் ராமானுஜன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை இழந்தார், சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார், அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை. கணிதத்தில் அவர் பெற்றது மற்றப் பாடங்களின் தோல்வியோடு சேர்ந்து அழிந்தது. ஒரு பாடத்தில் தேறியதை அப்படியே கணக்கில் வைத்துக்கொள்ள அந்த முறையில் இடமே கிடையாது. எல்லாம் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. இதை இங்கே குறித்துக்கொள்வோம், பின்னால் வேண்டியிருக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃப்.ஏ. போய் இண்டர்மீடியட் வந்தது. அதுவும் கல்லூரியில், இரண்டு ஆண்டு. 1950-களின் பிற்பாதியில் அதுவும் போய், ஒரே ஆண்டுப் படிப்பாக பி.யூ.சி. வந்தது. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. பள்ளியில், அடுத்த ஆண்டு கல்லூரியில், பிறகு மூன்று ஆண்டுப் பட்டம். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது இதுதான் நடைமுறை. திருமங்கலத்திலும் மேலூரிலும் வயதானவர்கள் 'அந்தக் காலத்து பியூசி' என்று இன்றும் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குள் பஸ் ஏறி மதுரைக்கு வந்த முதல் காலை, முதல் விடுதி, முதல் இங்கிலீஷ் வகுப்பு எல்லாம் இருக்கின்றன.

பி.யூ.சி.க்கு எழுத்துத் தமிழில் கிடைத்த பெயர்தான் புகுமுக வகுப்பு. கலைச்சொல்லாக்கத்தில் இவ்வளவு நல்ல சொல் அபூர்வம். ஆங்கிலப் பெயர் 'பல்கலைக்கழகத்துக்கு முன்' என்று வெறும் வரிசை எண்ணைத்தான் சொல்கிறது. தமிழ்ப் பெயர் இடத்தைச் சொல்கிறது. கழிமுகம், துறைமுகம் என்பவற்றில் வருகிற முகம்தான் இதிலும்: ஒன்று மற்றொன்றுக்குள் நுழைகிற வாய். கழிமுகத்தில் நிற்கும் தண்ணீரை ஆறு என்றும் சொல்லலாம், கடல் என்றும் சொல்லலாம். புகுமுகம் என்ற கூட்டு இன்னும் பழையது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில், தலைவன் தன்னை நோக்கும் நோக்கைத் தலைவி விரும்பி எதிர்கொள்வதைச் சொல்லும் இடத்தில் அது வருகிறது. காதலின் முதல் மெய்ப்பாட்டுக்குரிய சொல் கல்லூரியின் முதல் ஆண்டுக்கு வந்து சேர்ந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. பெயர் சூட்டியவர் இதை எண்ணினாரோ இல்லையோ, சொல் அந்த மணத்தோடுதான் வந்தது.

இந்தச் சொல்லின் ஆயுள் இருபது ஆண்டுச் சொச்சம்தான். கோத்தாரி கல்விக்குழு 1964 முதல் 1966 வரை ஆராய்ந்து பரிந்துரைத்த 10+2+3 அமைப்பு தமிழ்நாட்டில் 1978-இல் நடைமுறைக்கு வந்தது. பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு, பத்தும் இரண்டும் பன்னிரண்டு; கூட்டுத்தொகை மாறவில்லை, கோடு மட்டும் இடம் மாறியது. கல்லூரிக்குள் இருந்த ஓராண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. 'மேல்நிலை' என்ற பெயர் பலகைகளுக்குப் போனது. பேச்சில் நிலைத்தது பிளஸ் டூ. கல்விக்குழு அறிக்கையில் நடுவே நின்ற ஒரு கூட்டல் குறியே வகுப்பின் பெயராகிவிட்டது.

அந்த மாற்றத்தால் கிடைத்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்பிள்ளை பன்னிரண்டாம் ஆண்டுப் படிப்புக்காக மதுரையில் விடுதி தேட வேண்டிய நிலை போனது. மேல்நிலைப் பள்ளி ஊருக்கு அருகில் வந்ததால் படிப்பு நீண்டது. பலருடைய திருமணம் தள்ளிப்போனது. இழப்பு வேறு பக்கம் நேர்ந்தது. கல்லூரி ஆசிரியர் பதினாறு வயதுப் பிள்ளையைப் பார்ப்பது நின்றுபோனது. கர்நாடகத்தில் இன்றும் அதே வயதுப் பிள்ளை பி.யூ. காலேஜ் மாணவன். கேரளத்தில் 2000-ஆம் ஆண்டு வாக்கில்தான் பிரீடிகிரி என்ற அதே நிலைப் படிப்பு கல்லூரிகளை விட்டு முழுதாக நீங்கியது. ஓசூரில் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை எல்லை தாண்டிப் பெங்களூரில் சேர்ந்தால் 'காலேஜ்' ஆகிவிடுகிறான். பாடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவிலான இந்தக் கோட்டை அழிக்காமலே தாண்ட அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1955-இலேயே உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தன் பாடங்களைத் திறந்துவிட்டது. இன்று இணையவழியாகவும் நடக்கும் அதற்கு டூயல் கிரெடிட் என்று பெயர். ஒரு பாடத்தைப் படித்து முடித்தால் அது பள்ளிக் கணக்கிலும் ஏறும், கல்லூரிக் கணக்கிலும் ஏறும்.

இதில் கிரெடிட் என்பதை எப்படிச் சொல்வது? நம் பல்கலைக்கழகங்களில் மதிப்பலகு, தகுதிப்புள்ளி, மதிப்புப்புள்ளி என்று பலவாறு எழுதிப் பார்த்துவிட்டு, வகுப்பில் 'இது நாலு கிரெடிட் பேப்பர்' என்றுதான் பேசுகிறார்கள். சொல்லின் மூலம் லத்தீனில் நம்புதல் என்று பொருள்படும் வினை. வணிகர் கையில் கணக்குச் சொல்லாகி, பிறகு கல்விக்கு வந்தது. பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் தர அமெரிக்கத் தொழிலதிபர் கார்னெகி 1905-இல் பணம் ஒதுக்கினார். எந்தக் கல்லூரிக்குத் தருவது என்று முடிவு செய்ய, பள்ளியில் ஒரு பாடத்துக்கு 120 மணி நேரம் என்று ஓர் அலகு வகுத்தார்கள். அதன் வழிவந்ததே இன்றைய கிரெடிட். பணக்கணக்கிலிருந்து வந்த சொல்லுக்குப் பணக்கணக்குச் சொல்லே பொருந்தும். கீழமாசி வீதிக் கடைகளில் பற்று, வரவு என்று எழுதிய ஊர் இது. 'வரவு வைத்தாயிற்று' என்றால், கொடுத்தது கணக்கில் நிற்கிறது, இனி யாரும் இல்லையென்று சொல்ல முடியாது என்று பொருள். ராமானுஜனின் கணிதத்துக்குக் கிடைக்காதது இந்த வரவுதான். டூயல் கிரெடிட்டை இரட்டை வரவு என்று சொல்லலாம். தயங்காமல் சொல்கிறேன்.

இரட்டை வரவு நம்மிடம் இன்னும் முழுதாக வரவில்லை, அருகில் வந்திருக்கிறது. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பில், பதினொன்றாம் வகுப்பு முடித்தவரும் நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித்தேர்வு எழுதலாம். தேறினால் இடம் காத்திருக்கும், பிளஸ் டூ முடித்ததும் சேரலாம். உள்ளே அடித்தளப் பகுதிக்கு 32 வரவு, முழுப் பட்டத்துக்கு 142. ஒரு நிலையை முடித்து இடையில் நின்றாலும் அதுவரை சேர்ந்ததற்குச் சான்றிதழ் உண்டு. பதினொன்று, பன்னிரண்டு மாணவர்களுக்காக அதே நிறுவனம் பள்ளிகள் வழியாக எட்டு வார இணையப் பாடங்களையும் நடத்துகிறது. அவற்றுக்குச் சான்றிதழ் கிடைக்கும். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் அவை ஏறுவதில்லை.

மதுரைக்கு இந்த வழி புதிதன்று. இன்று காமராசர் பெயரைத் தாங்கும் மதுரைப் பல்கலைக்கழகம் 1970-களிலேயே அஞ்சல்வழியாகப் பாடத்தை வீட்டுக்கு அனுப்பியது. அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக் கல்லூரியும் 1978-லேயே தன்னாட்சி பெற்றவை. தங்கள் பாடத்தைத் தாங்களே வகுத்துத் தாங்களே மதிப்பிடும் பழக்கம் அவற்றுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. புகுமுக வகுப்பு கல்லூரியை விட்டுப் போனதும் அதே 1978-இல்தான். ஒரு தன்னாட்சிக் கல்லூரி முதலாண்டுத் தாள் ஒன்றை, பொருளியலோ புள்ளியியலோ, இணையத்தில் திறந்து வாடிப்பட்டிப் பிளஸ் ஒன் பிள்ளைக்குக் கற்பிக்கத் தொழில்நுட்பம் தடையில்லை.

தடை வரிசையில் இருக்கிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் பற்றிய சிக்கலில், பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று 2009-இல் தமிழக அரசு ஆணையிட்டது. படியைத் தாண்டிக் குதித்தவர்களைத் தடுக்க வந்த விதி அது. இரட்டை வரவில் யாரும் படியைத் தாண்டுவதில்லை. ஒரு கால் அடுத்த படியில் இருக்கும்போதே மறு கால் இந்தப் படியில் இருக்கிறது. மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டுக் கிரெடிட் சட்டகம் பள்ளியையும் கல்லூரியையும் ஒரே கணக்கில் சேர்க்கிறது. அந்தச் சட்டகத்துக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வெளியிட்ட தன் மாநிலக் கல்விக் கொள்கையில் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது. அந்த ஓராண்டில் இப்போது கொஞ்சம் மூச்சுவிட இடமிருக்கிறது. அங்கே கல்லூரித் தாள் ஒன்றை வைத்து அதற்குப் புகுமுகத் தாள் என்று பெயரிட, புதிய கலைச்சொல் குழு எதுவும் வேண்டாம். பள்ளிக் கல்வித்துறை தன் பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும், பிள்ளை பிறகு சேரும் கல்லூரி அந்த வரியை வரவு வைக்க வேண்டும்.