இழையின் பிறப்பும் பணியின் ஒப்படைப்பும்: ஜாவாவில் ஆஸ்பெக்ட் வழிக் கண்காணிப்பு

ஜாவாவில் எழுதிய சர்வர் ஒன்று நள்ளிரவில் திணறுகிறது. திரெட் டம்ப் எடுத்துப் பார்த்தால், ‘பூல்-3-திரெட்-7’ என்ற பெயரில் ஓர் இழை தரவுத்தள இணைப்புக்காகக் காத்துக் கிடக்கிறது. அதன் ஸ்டாக்கை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே போனால், கடைசியில் திரெட்பூல்எக்ஸிகியூட்டரின் வொர்க்கர் வருகிறது. அதற்கும் அடியில் திரெட் கிளாஸின் ரன் மெத்தட். அங்கே தடம் அறுந்துவிடுகிறது. இந்த வேலையைக் கொடுத்தது யார், நிரலின் எந்த வரி, எந்தப் பயனரின் கோரிக்கைக்காக இது ஓடுகிறது என்பதற்கு அந்த ஸ்டாக்கில் ஒரு சொல்கூட இல்லை. பெயரில் உள்ள இரண்டு எண்களும் வெறும் வரிசை எண்கள். அவை இழையின் பிறப்புக் கணக்கைச் சொல்கின்றன. அந்த நேரத்தில் அது யாருக்காக உழைக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

இந்த இடைவெளியை ஆஸ்பெக்ட் சார்ந்த நிரலாக்கத்தால் நிரப்ப நினைப்பவர் முதலில் கைவைக்கும் இடம் இழை உருவாகும் இடம்தான். புது இழை பிறக்கும்போதெல்லாம் ஒரு குறிப்பு எழுதிவிட்டால் போதும் என்று தோன்றும். அது தவறான இடம் என்பதே இக்கட்டுரையின் வாதம். கண்காணிக்க வேண்டியது பணி ஒப்படைக்கப்படும் கணத்தை. அதையும் ஒப்படைப்பவரின் பக்கம் நின்று பிடிக்க வேண்டும். இழையின் பிறப்பைப் பொறுத்தவரை ஆஸ்பெக்ட் செய்யக்கூடிய பயனுள்ள வேலை வேறொன்று. அதைப் பின்னர் சொல்கிறேன்.

கிரெகர் கிக்ஸாலெஸும் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் அவருடன் இருந்தவர்களும் 1997இல் ஈகூப் மாநாட்டில் இந்த நிரலாக்க முறையை முன்வைத்தனர். அதன் ஜாவா வடிவமான ஆஸ்பெக்ட்ஜே 2001இல் 1.0 பதிப்பை எட்டி, அடுத்த ஆண்டு எக்லிப்ஸ் திட்டத்துக்குள் வந்தது. நிரல் ஓட்டத்தில் அடையாளம் காணத்தக்க புள்ளி ஜாயின் பாயின்ட். அப்புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் வரையறை பாயின்ட்கட். அங்கே கூடுதலாக ஓடும் நிரல் அட்வைஸ். அதை மூல நிரலோடு சேர்ப்பது வீவிங், அதாவது நெய்தல். நம் ஆய்வுக்கு முக்கியமானது ஒரே ஒரு வேறுபாடு. ‘கால்’ பாயின்ட்கட் அழைப்பவரின் பைட்கோடில் நெய்யப்படுகிறது. ‘எக்ஸிகியூஷன்’ பாயின்ட்கட் அழைக்கப்படும் மெத்தட்டின் உள்ளே நெய்யப்படுகிறது. யாருடைய கிளாஸைத் திறந்து நெய்ய முடியும் என்பதைப் பொறுத்தே எது கண்ணில் படும், எது தப்பிக்கும் என்பது அமைகிறது.

இனி அந்த முதல் முயற்சியைப் பார்ப்போம். திரெட் கன்ஸ்ட்ரக்டர் அழைக்கப்படும் ஒவ்வோர் இடத்தையும் பிடிக்கும் பாயின்ட்கட்டை எழுதுகிறோம். திரெட்டிலிருந்து கிளைத்த சொந்த கிளாஸ்கள் இருக்கும் என்பதால் கூட்டல் குறி சேர்த்து அவற்றையும் உள்ளடக்க வேண்டும். கிளை கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் உள்ளே இருந்து தாய் கிளாஸுக்குப் போகும் சூப்பர் அழைப்பை ஆஸ்பெக்ட்ஜே ‘கால்’ ஜாயின் பாயின்ட்டாகக் கருதுவதில்லை. ஆகவே கூட்டல் குறியை மறந்தால் அந்த வகை இழைகள் அனைத்தும் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும்.

இதைச் சரியாக எழுதி ஓட்டினாலும் பதிவில் மிகக் குறைவான வரிகளே விழும். இன்றைய ஜாவா நிரலில் புது இழையைக் கையால் உருவாக்குபவர்கள் அரிது. டக் லீ முன்னின்று வடிவமைத்து, 2004இல் ஜாவா 5உடன் வந்த கன்கரன்ட் நூலகம் அந்தப் பழக்கத்தையே மாற்றிவிட்டது. நாம் எக்ஸிகியூட்டரிடம் பணியைக் கொடுக்கிறோம். தேவைப்பட்டால் அது தன் திரெட் ஃபேக்டரியைக் கேட்டு இழையைப் பெற்றுக்கொள்கிறது. இயல்பான ஃபேக்டரியில் திரெட் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கும் வரி ஜேடிகேவுக்குள் இருக்கிறது. ஆஸ்பெக்ட்ஜேயின் லோட் டைம் வீவர் ஜேடிகேயின் அடிப்படை பேக்கேஜ்களை இயல்பாகவே தொடுவதில்லை. பிறப்பு நடப்பது நம் தறிக்கு எட்டாத இடத்தில்.

ஜேடிகேவையே நெய்து மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். அப்படிச் செய்து எல்லாப் பிறப்பையும் பிடித்தாலும் கேள்விக்கு விடை கிடைக்காது என்பதே என் வாதத்தின் மையம். பூலில் ஓர் இழை பிறப்பது, பெரும்பாலும் சர்வர் எழுந்த முதல் சில நிமிடங்களில், தற்செயலாக அப்போது வந்த ஏதோ ஒரு கோரிக்கையின்போது. அதன் பிறகு அந்த இழை ஆயிரக்கணக்கான வேறு கோரிக்கைகளின் பணிகளைச் செய்கிறது. இழையைப் பெற்றவரும் இன்று அதற்கு வேலை கொடுப்பவரும் வேறு வேறு. இன்ஹெரிட்டபிள் திரெட்லோக்கல் இந்த உண்மையைக் கசப்பாகக் கற்றுத்தருகிறது. அது தாய் இழையின் மதிப்புகளைச் சேய் இழைக்கு நகலெடுப்பது இழை உருவாகும் அந்த ஒரு தடவைதான். பூலோடு சேர்த்துப் பயன்படுத்தினால், முதலில் வந்த பயனரின் அடையாளம் அந்த இழையில் ஒட்டிக்கொண்டு, பின்னால் வரும் பிறருடைய பதிவுகளிலெல்லாம் அவர் பெயரே விழும். தகவல் இல்லாததைவிடத் தவறான தகவல் கொடியது.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: இந்தப் பணியை ஒப்படைத்தது எந்த வரி? எக்ஸிகியூட், சப்மிட், ஷெட்யூல் போன்ற மெத்தட்டுகளை அழைக்கும் இடங்கள் பெரும்பாலும் நம் நிரலிலோ நாம் சேர்த்துக்கொண்ட ஜார் கோப்புகளிலோ இருக்கின்றன. அவை நெய்யக்கூடியவை. எனவே ‘கால்’ பாயின்ட்கட் இங்கே மிகப் பொருத்தம். அட்வைஸ் வகை ‘அரவுண்ட்’: மூல அழைப்பைச் சூழ்ந்து நின்று, புரோசீட் என்ற சொல்லால் அதை நடத்துவது. ஒப்படைக்கப்படும் ரன்னபிளை எடுத்து, அதை ஓர் உறை ஆப்ஜெக்டில் வைத்து, புரோசீட் வழியாக அந்த உறையையே எக்ஸிகியூட்டரிடம் கொடுக்கிறோம். உறையில் மூன்று செய்திகள் போதும்: இந்தப் பணியின் எண், ஒப்படைத்த பணியின் எண், ஒப்படைத்த வரி. அந்த வரியை அறிய ஸ்டாக்கை அலச வேண்டியதில்லை. ஆஸ்பெக்ட்ஜே ஒவ்வொரு ஜாயின் பாயின்ட்டுக்கும் கோப்புப் பெயர், வரி எண் ஆகியவற்றை ஸ்டாடிக் பார்ட் ஒன்றில் வைத்திருக்கிறது. கிளாஸ் ஏறும்போது ஒரு தடவை உருவாகும் அது ஒவ்வோர் அழைப்பிலும் புதிதாகச் செலவு வைப்பதில்லை. பூட்டும் தேவையில்லை. எக்ஸிகியூட்டரிடம் ஒப்படைக்கும் முன் நடந்த செயல்கள், அந்தப் பணி தொடங்கும்போது கண்ணுக்குத் தெரியும் என்று கன்கரன்ட் நூலகமே உறுதியளிக்கிறது.

உறை போடுவது எளிது; அதைச் சேதமில்லாமல் போடுவதில்தான் உழைப்பு இருக்கிறது. பூலின் வரிசை தனி கம்பேரட்டர் இல்லாத பிரையாரிட்டி பிளாக்கிங் கியூவாக இருந்தால், எக்ஸிகியூட் வழியாக வரும் பணிகள் கம்பேரபிளாக இருக்க வேண்டும். நம் உறை அப்படி இல்லாவிட்டால் கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன் எழும். கண்காணிக்க வந்தவர் நிரலையே கவிழ்த்துவிட்டார் என்று ஆகும். அதேபோல, வரிசையில் காத்திருக்கும் பணியை ரிமூவ் மெத்தட்டால் விலக்க முயன்றால், வரிசையில் இருப்பது உறை, கேட்பது உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட். இரண்டும் ஒன்றல்ல என்று பூல் சொல்லிவிடும். விலக்கியதாக நாம் நினைத்த பணி ஓடியே தீரும். ஆக, உள்ளிருக்கும் பணி கம்பேரபிள் என்றால் உறையும் அந்த ஒப்பீட்டை அதனிடமே கேட்டுச் சொல்ல வேண்டும்; ரிமூவ் அழைப்புக்குத் தனியே ஓர் அட்வைஸ் வேண்டும்.

உறையே வேண்டாம், பணி ஆப்ஜெக்டைச் சாவியாக வைத்துப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம் என்பது மாற்று யோசனை. வெளி மாறி எதையும் பிடித்துக்கொள்ளாத லாம்டா இதை முறியடித்துவிடுகிறது. ஹாட்ஸ்பாட் ஜேவிஎம்மில் அத்தகைய லாம்டா எத்தனை தடவை மதிப்பிடப்பட்டாலும் அந்த இடத்தில் ஒரே ஆப்ஜெக்டே திரும்பி வருகிறது. நூறு கோரிக்கைகள் நூறு தடவை ஒப்படைத்தாலும் சாவி ஒன்றுதான். கடைசியாக எழுதியவரின் கணக்கே எஞ்சும். ரன்னபிளின் ரன் மெத்தட்டில் ‘எக்ஸிகியூஷன்’ அட்வைஸ் போடுவதும் லாம்டாவால்தான் பலிப்பதில்லை. லாம்டாவின் உடல் வேறொரு பெயரில் தனி மெத்தட்டாக கம்பைல் ஆகிறது. ரன்னபிளாக நிற்கும் கிளாஸ் ஓட்ட நேரத்தில் பிறக்கிறது. 2014இல் வந்த ஜாவா 8க்குப் பிறகு, பணியின் உள்ளே நின்று பார்ப்பது நம்பத்தக்க வழியாக இல்லை.

உறையின் ரன் மெத்தட் செய்ய வேண்டியது ‘நடப்புப் பணி’ என்ற திரெட்லோக்கலில் தன் எண்ணை வைத்து, உள்ளிருக்கும் பணியை ஓட்டி, முடிந்ததும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. இங்கே நானே ஒரு பிழை செய்திருக்கிறேன். ஃபைனலி பகுதியில் ‘நீக்கு’ என்று எழுதியிருந்தேன். சோதனைகள் அனைத்தும் தேறின. பளு அதிகமான வேளைகளில் மட்டும் சில கோரிக்கைகளின் பதிவு பாதியிலேயே எண்ணை இழந்தது. காரணம் காலர்ரன்ஸ் பாலிசி. வரிசை நிரம்பியதும் அந்தக் கொள்கை, ஒப்படைத்தவரின் இழையிலேயே பணியை ஓட்டிவிடும். பணி முடிந்ததும் என் நிரல் திரெட்லோக்கலைத் துடைத்தது. துடைக்கப்பட்டது ஒப்படைத்தவருடைய சொந்த எண். நீக்கக் கூடாது, முன்பு இருந்ததைத் திரும்ப வைக்க வேண்டும் என்ற ஒரு வரி மாற்றத்தில் அது சரியாயிற்று. ஃபோர்க் ஜாயின் பூலிலும் இதே விதிதான். அங்கே ஓர் இழை ஜாயினில் காத்திருக்கும்போது சும்மா இருக்காமல் வேறு பணியை எடுத்து ஓட்டக்கூடும். ஒரே இழையில் பணிக்குள் பணி அடுக்கப்படுவதால், நடப்புப் பணி என்பதை அடுக்காகவே எண்ண வேண்டும்.

வம்சாவளியை எப்படி வைத்துக்கொள்வது என்பதிலும் எச்சரிக்கை தேவை. ஒவ்வோர் உறையும் தன் தாய் உறையை ஆப்ஜெக்டாகப் பிடித்துக்கொண்டால் பாட்டன், முப்பாட்டன் வரை அழகாகத் தெரியும். ஆனால் தன்னைத்தானே மீண்டும் ஒப்படைத்துக்கொள்ளும் பணி ஒன்று இருந்தால், அந்தச் சங்கிலி நாளெல்லாம் நீண்டு நினைவகத்தைத் தின்றுவிடும். கார்பேஜ் கலெக்டரால் எதையும் எடுக்க முடியாது. அதனால்தான் தாயின் எண்ணை மட்டும் வைக்கச் சொன்னேன். உறவைப் பதிவுக் கோப்பில் எழுதிவிட்டு, மரத்தைப் பின்னர் அங்கிருந்து கட்டிக்கொள்ளலாம். மரம் என்றுகூட எப்போதும் சொல்ல முடியாது. ஷெட்யூல் அட் ஃபிக்ஸ்ட் ரேட்டில் ஓர் ஒப்படைப்புக்குப் பல ஓட்டங்கள். கம்ப்ளீட்டபிள்ஃபியூச்சரின் தென்கம்பைனில் ஒரு பணிக்கு இரண்டு முன்னோர்கள். அதோடு, தொடர்ச்சியைப் பதிந்தவர் ஒருவர், அதை எழுப்பி ஓடவைக்கும் இழை இன்னொன்று. ஒப்படைத்தல், தொடங்குதல் இரண்டையும் தனித்தனி நிகழ்வாகப் பதியும் வடிவமைப்பே இந்தச் சிக்கல்களைத் தாங்கும்.

தப்பிப்பவை இன்னும் உண்டு. எக்ஸிகியூட்டரின் மெத்தட்டை மெத்தட் ரெஃபரன்ஸாக வேறொருவரிடம் கொடுத்தால், அந்த இடத்தில் நேரடி அழைப்பு எதுவும் பைட்கோடில் இல்லை. ‘கால்’ பாயின்ட்கட்டுக்கு அது தெரியாது. பேரலல் ஸ்ட்ரீமில் பணிகள் முழுவதும் ஜேடிகேவுக்குள் பிறந்து அங்கேயே ஒப்படைக்கப்படுகின்றன. இந்த முறையைப் பயன்படுத்துபவர் இவ்விரண்டையும் ஆவணத்தில் எழுதியே வைக்க வேண்டும். எல்லாம் கண்காணிக்கப்படுகிறது என்ற நம்பிக்கையில் ஒருவர் டம்ப்பைப் படிப்பது ஆபத்து.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. ராபர்ட் ஃபில்மனும் டேனியல் ஃப்ரீட்மனும் 2000இல் ஆஸ்பெக்ட் முறையின் சாரமாக இரண்டைச் சொன்னார்கள்: ஒரே கூற்றால் பல இடங்களைச் சுட்டுதல், சுட்டப்படும் நிரல் அதை அறியாமலே இருத்தல். இரண்டாவதுதான் குற்றச்சாட்டு. தன் ரன்னபிள் உறையிடப்படுவது நிரலாளருக்கே தெரியாது என்றால், மேலே சொன்ன ரிமூவ் பிழையை அவர் எங்கே தேடுவார்? எக்ஸிகியூட்டரை வெளிப்படையாகவே ஓர் உறை எக்ஸிகியூட்டரால் மூடலாம். ஸ்பிரிங்கில் அதற்கென்றே டாஸ்க்டெக்கரேட்டர் உண்டு. நாமே உருவாக்கும் பூல்களுக்கு அதுவே மேல் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜார் கோப்புக்குள் ஒரு நூலகம் தனக்கென்று உருவாக்கிக்கொள்ளும் பூலை அந்த வழி எட்டாது. ஓப்பன்டெலிமெட்ரியின் ஜாவா ஏஜென்ட் போன்றவை ஜேடிகேயின் எக்ஸிகியூட்டர்களுக்குள்ளேயே பைட்கோடை மாற்றி இதைச் சாதிக்கின்றன. எட்டும் தூரத்தில் அவை ஆஸ்பெக்ட்ஜேயை விஞ்சியவை. எனினும் அங்கே விதி ஏஜென்ட்டின் உள்ளுக்குள் கிடக்கிறது. பாயின்ட்கட்டோ குழுவின் களஞ்சியத்தில், எல்லாரும் படித்து விவாதிக்கும் ஒரு பக்கத்தில் இருக்கிறது. அறியாமை ஆஸ்பெக்ட்டின் தலைவிதி அல்ல. அந்தப் பக்கத்தைக் குழுவிடமிருந்து ஒளித்துவைக்கும்போதுதான் அது நேர்கிறது.

இழையின் பிறப்புக்கு வேறொரு பயன் உண்டு என்று தொடக்கத்தில் சொன்னேன். ஆஸ்பெக்ட்ஜேயில் ‘டிக்ளேர் வார்னிங்’, ‘டிக்ளேர் எரர்’ என்ற அறிவிப்புகள் உள்ளன. அனுமதித்த பேக்கேஜுக்கு வெளியே திரெட் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கும் வரி இருந்தால் கம்பைல் நேரத்திலேயே எச்சரிக்கை எழும். கையால் பெற்ற இழைக்கு உறையும் இல்லை, எண்ணும் இல்லை. அதன் பின்னால் ஓடிக் குறிப்பெடுப்பதைவிட அதைப் பிறக்கவிடாமல் செய்வது மேல். பிறப்பு எழுத்தில் நிலையாகத் தெரியும் ஒன்று. அதைத் தடுக்க நிலையான சோதனை போதும். ஒப்படைப்போ ஓட்டத்தில்தான் பொருள் பெறுகிறது. ஆகவே அதற்கு அட்வைஸ்.

2023 செப்டம்பரில் ஜாவா 21உடன் நிலைபெற்ற விர்ச்சுவல் இழைகள் இந்த வாதத்தைச் சோதிக்கின்றன. அவற்றைப் பூலில் போட வேண்டாம், பணி ஒன்றுக்கு இழை ஒன்று என்பதே பரிந்துரை. அப்படியானால் பிறப்பும் ஒப்படைப்பும் மீண்டும் ஒன்றாகிவிட்டனவே எனலாம். ஆனால் விர்ச்சுவல் இழையை நாம் கன்ஸ்ட்ரக்டரால் உருவாக்குவதில்லை. திரெட் பில்டரோ, ஸ்டார்ட் விர்ச்சுவல் திரெட் மெத்தட்டோ, பணிக்கொரு இழை தரும் எக்ஸிகியூட்டரோ வேண்டும். கன்ஸ்ட்ரக்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆஸ்பெக்ட்டின் பதிவு இங்கே வெறுமையாகவே கிடக்கும். ஒப்படைப்பைப் பார்க்கும் ஆஸ்பெக்ட் மூன்றாவதை மாற்றமின்றிப் பிடிக்கிறது. முதல் இரண்டுக்கும் பாயின்ட்கட்டில் இரண்டு வரி சேர்த்தால் போதும். இன்னொன்று: விர்ச்சுவல் இழைக்கு நாம் வைக்காவிட்டால் பெயரே இல்லை. ‘பூல்-3-திரெட்-7’ நின்ற இடத்தில் இப்போது டம்ப்பில் வெற்றிடம் இருக்கிறது. உறை சுமந்துவரும் கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் அந்த இடத்தில்தான் எழுத வேண்டும்.