சில்லறைக்குள் ஒரு மேப்பிள் இலை

ரொறொன்ரோவில் எங்கட ஆக்களுக்குள் இப்ப ஒரு புது வருத்தம் பரவியிருக்கிறது. கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ வரும். "இந்தக் குத்தி உங்களிட்ட இருந்தால் நீங்கள் லட்சாதிபதி" என்று ஒரு குரல் சொல்லும். அவ்வளவுதான், வீட்டில் இருக்கிற பெரியவர்கள் உண்டியலைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் பூதக்கண்ணாடியோடு குந்திவிடுவார்கள்.

அச்சுப் பிழையான நாணயங்கள் இல்லையென்று நான் சொல்லவரவில்லை. இருக்கின்றன. ஆனால் பிழை என்று நாங்கள் நினைப்பதில் முக்கால்வாசி பிழையே இல்லை. உண்மையான விசேஷம் உள்ளதையோ கண்ணெதிரே வைத்துக்கொண்டே விட்டுவிடுகிறோம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஒரு குத்தி உருவாக மூன்று விஷயம் வேண்டும்: வெட்டிய வெறும் உலோக வில்லை, இரண்டு பக்கத்து அச்சு, அந்த அச்சு வந்து விழுகிற அடி. பிழையும் இந்த மூன்றில் ஒன்றில்தான் வரமுடியும். தகட்டில் ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின்மேல் திரும்ப வெட்டினால் வில்லை பிறை மாதிரிக் கடிபட்டு வரும். அச்சு வெடித்தால் அந்த வெடிப்புக் குத்தியில் புடைத்த கோடாக விழும். அடி விலகி விழுந்தால் படம் ஒருபக்கமாக ஒதுங்கிப்போகும். புடைத்த கோடு என்பதைக் கவனியுங்கள்... உள்ளே பள்ளமாக இறங்கிய கோடு என்றால் பெரும்பாலும் அது வெளியே வந்தபிறகு யாரோ கீறினது. கடிபட்ட குத்தியிலும் ஒரு சோதனை இருக்கிறது. கடித்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பு மங்கலாக இருக்கவேண்டும். அங்கே அடி ஒழுங்காக நிரம்பாது. எதிர்ப்பக்கம் நல்ல தெளிவாக இருந்தால் அரத்தால் ராவின வேலையாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

நான் வந்த புதிதில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. விடியப்புறம் இருபத்தைந்து சதக் குத்திகளை நாற்பது நாற்பதாகக் கடதாசியில் சுற்றிப் பத்து டொலர்க் கட்டாக்குவதும் என் வேலைதான். அதில் அமெரிக்கக் குத்திகளும் கலந்து வரும். கனடாக் குத்தியைப் புத்தகப் பக்கம் புரட்டுவதுபோலத் திருப்பினால் மற்றப் பக்கம் நேராக நிற்கும். அமெரிக்கக் குத்தி தலைகீழாக நிற்கும். அது அவர்களுடைய வழக்கம், பிழை அல்ல. கனடாக் குத்தி ஒன்று அப்படித் தலைகீழாகவோ சரிந்தோ நின்றால்தான் எடுத்து வைக்கவேண்டும். (எனக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை!)

எங்கள் கட்டடத்தில் ஒரு ஐயா இருக்கிறார். போனமாதம் ஒரு சிவப்புப் பொப்பிப்பூக் குத்தியைக் கொண்டுவந்தார். "தம்பி, இதில பூவுக்கு நிறமில்லை, பிழைக் குத்தியாம். அறுபது டொலர் அனுப்பினால் பரிசோதிச்சுச் சான்றிதழ் தருவினமாம், ஒருக்கா அனுப்பிவிடும்" என்றார். பென்சன் காசில் அறுபது டொலர் என்றால் அவருக்கு ஒரு கிழமைச் சாப்பாட்டுச் சாமான். 2004 இல் வந்த அந்தப் பொப்பிக் குத்திதான் புழக்கத்துக்கென்று உலகில் முதலில் நிறம்பூசி வெளிவந்த நாணயம். ரிம் ஹோட்டன்ஸ் கோப்பிக் கடைகளின் மூலம் பரப்பினார்கள். அந்த நிறம் தேய்ந்துபோகும், சுரண்டினாலும் போகும். நிறமில்லாமல் இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. ஐயாவுக்கு அதை விளங்கப்படுத்தப் பின்னேரம் முழுக்கப் போனது. காசு அனுப்பவில்லை. இன்னும் கொஞ்சம் கோபம்தான்.

2023 இல் வந்த குத்திகளில் ராணியின் பக்கத்தில் 1952, 2022 என்று இரண்டு ஆண்டு இருப்பதும் பிழை இல்லை. அது அவர் ஆண்ட காலம். 1996 இல் ரூனி வந்த புதிதில் சிலவற்றின் நடுவட்டம் கழன்று விழுந்தது உண்மை. ஆனால் அதைக் கேள்விப்பட்டுச் சனம் சுத்தியலால் தட்டிக் கழற்றியதும் உண்மை. நாணயத்தை உடைப்பது இங்கே சட்டப்படி குற்றம்.

அப்ப எதைத்தான் தேடுவது? 1973 ஆம் ஆண்டு இருபத்தைந்து சதத்தைத் தேடுங்கள். குதிரைப் பொலிசின் நூற்றாண்டுக்காக வந்தது. பதின்மூன்று கோடிக்கு மேல் அடித்தார்கள், ஆகவே சாதாரணக் குத்தி. ஆனால் அதில் ஒரு சிறு பங்கு வேறொரு அச்சில் அடிபட்டுவிட்டது. அதில் ராணியின் தலை சற்றுப் பெரிது. கண்ணால் அளப்பது கஷ்டம், விளிம்போர மணிகளை எண்ணுங்கள். 120 என்றால் சாதாரணம், 132 என்றால் கவனமாக எடுத்து வையுங்கள். லூனியின் கதை இதைவிட வேடிக்கை. முதலில் அதில் வரவிருந்தது பழைய வெள்ளி டொலரில் இருந்த தோணிக்காரர் படம். 1986 நவம்பரில் ஒட்டாவாவிலிருந்து வின்னிபெக்குக்கு அனுப்பிய அச்சுகள் வழியில் தொலைந்துபோயின. கள்ளக்காசு வந்துவிடும் என்ற பயத்தில் படத்தையே மாற்றி, 1987 இல் லூன் பறவையோடு வெளியிட்டார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது 1947 என்று ஆண்டு போட்டிருக்கும் குத்திகள். சிலவற்றில் 1947 க்குப் பக்கத்தில் ஒரு பொடி மேப்பிள் இலை இருக்கும். அச்சில் ஏதோ தூசு என்று நினைக்கத் தோன்றும். இல்லை. கனடாக் காசில் ஆறாம் ஜோர்ஜின் தலையைச் சுற்றி, அரசர் என்பதோடு இந்தியாவின் சக்கரவர்த்தி என்றும் லத்தீனில் சுருக்கி எழுதியிருக்கும். 1947 ஓகஸ்டில் இந்தியா சுதந்திரமடைந்தது. இனி அந்தச் சொல் கூடாது. லண்டனிலிருந்து புது அச்சு வந்துசேரப் பிந்தியது, இங்கேயோ சில்லறைத் தட்டுப்பாடு. என்ன செய்தார்கள்? 1948 இலும் பழைய 1947 அச்சையே பாவித்து, வேறுபாடு தெரிய ஒரு சின்ன இலையைச் சேர்த்தார்கள். புது அச்சு வந்து அந்த வருடம் அடித்த வெள்ளி டொலர் வெறும் 18,780 தான், அதனால் அதற்கு இன்றைக்கும் பெரிய விலை.

இதேமாதிரி 1936 க்குக் கீழே ஒரு புள்ளியும் உண்டு. எட்டாம் எட்வேர்ட் முடிதுறந்ததும் அவருடைய தம்பியின் அச்சு வரும்வரை, 1937 இல் அடித்தவை அவை. புள்ளி உள்ள ஒரு சதத்தில் மூன்றுதான் இருப்பதாகத் தெரியும், அதில் ஒன்று 2010 இல் நாலு லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் போனது. அது உங்கள் உண்டியலில் இராது, நிம்மதியாகத் தூங்குங்கள்.

மேப்பிள் இலை ஒரு சதத்திலிருந்து ஒரு டொலர்வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒரு சதம் விலையும் அதிகமில்லை, நாணயக் கடைகளில் வாங்கலாம். ஊரிலிருந்து அம்மாவின் பெட்டிக்குள் பழைய சிலோன் சதங்கள் கொண்டுவந்தவர்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 1940களின் குத்திகளில் அதே ஜோர்ஜ் ஆங்கிலத்தில் அரசரும் இந்தியாவின் சக்கரவர்த்தியும். 1951 ஆம் ஆண்டுக் குத்திகளில் வெறும் ஆறாம் ஜோர்ஜ் அரசர் மட்டும்.