சாராயத்தின் பாகை: காரைக்காலைச் சூழ்ந்த இரண்டு அளவுகள்

சங்கப் பாடல்களில் கள்ளுக்கு நறவு, தேறல், தோப்பி, மட்டு எனப் பல பெயர்கள் உண்டு. அதியமானை இழந்த ஔவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலையில் கள் 'சிறிது', 'பெரிது' என்றே பேசப்படுகிறது. தெளிவையும் முதிர்ச்சியையும் நுட்பமாகச் சொன்ன நம் புலவர்கள் வீரியத்துக்கு எண் கொடுக்கவில்லை. எண்ணைக் கேட்டது வரி. அதைத் தந்த கருவி திரவமானி; நாமறிந்த பால்மானியின் உடன்பிறப்பு. சாராயம் நீரைவிட இலேசானது; ஆகவே வீரியம் கூடக்கூடக் கருவி ஆழமாக அமிழும். தத்துவம் இவ்வளவே.

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இடையில் ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த காலங்கள் நீங்கலாக, 1954 நவம்பர் 1 வரை அவர்களிடமே இருந்தது. சுற்றிலும் ஆங்கிலேயரின் தஞ்சாவூர் மாவட்டம். இரு பேரரசுகளும் சாராயத்தை அளக்க வெவ்வேறு கருவிகளைக் கைக்கொண்டன. பிரான்சின் அளவு, கே-லுசாக் 1824-இல் வகுத்த நூற்றுப்பாகைக் கண்ணாடி மானி: தூய நீர் 0, தூய ஆல்கஹால் 100. இங்கிலாந்தின் அளவு, 1816-இல் சட்டமேறிய சைக்ஸ் மானி: பித்தளைக் குமிழ், ஒன்பது எடைகள், ஓர் அட்டவணை நூல். அதன் அலகு 'புரூஃப்'; இன்றைய கணக்கில் ஏறத்தாழ 57.1 விழுக்காடு. ஆக, கே-லுசாக்கில் 50 காட்டும் சாராயம் சைக்ஸ் கணக்கில் புரூஃபுக்கு ஏறத்தாழ 12 பாகை குறைந்தது. நண்டலாற்றைத் தாண்டினால் சரக்கு மாறுவதில்லை, எண் மாறிவிடும்.

வரி புரூஃப் காலன் கணக்கில் விழும்போது, மானி பிழைத்தால் பணமும் பிழைக்கும். பித்தளைக் குமிழ் நசுங்கினால் அதன் கனஅளவு குறையும், கருவி கூடுதலாக அமிழ்ந்து வீரியத்தை மிகையாகச் சொல்லும், காய்ச்சியவனுக்கு நட்டம். தேய்ந்து எடை குறைந்தாலோ மிதப்பு கூடி, வீரியம் குறைந்து தோன்றும், அரசுக்கு நட்டம். கண்ணாடி மானிக்குள் ஒட்டிய தாள் அளவுகோல் நழுவினாலும் இதே கதைதான்.

ஆகவே கருவியையும் யார் சோதிப்பது என்ற கேள்வி எழுந்தது. சைக்ஸ் மானி விடையைத் தன் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தது. புரூஃப் சாராயம் 51 பாரன்ஹீட் பாகையில் நீரின் எடையில் 13-இல் 12 பங்கு. 60 எண் எடையைக் கோத்த மானி அச்சாராயத்தில் ஒரு குறிவரை அமிழும். அதன் மொத்த எடையில் 12-இல் ஒரு பங்குள்ள சிறு சதுர வில்லையை உச்சியில் வைத்து, அதே வெப்பநிலையில் வாலைநீரில் விட்டால் அதே குறியில் நிற்கவேண்டும். நில்லாவிடில் மானி பொய். அழகான ஏற்பாடு! பிரான்சோ வேறு வழி சென்றது: 1881-ஆம் ஆண்டுச் சட்டம் கே-லுசாக் மானியை மட்டுமே ஏற்று, அதை அரசுச் சோதனைக்கும் உட்படுத்தியது.

ஆனால் 51 பாரன்ஹீட் என்பது ஏறத்தாழ 10.5 செல்சியஸ். அந்தக் குளிரைக் காரைக்கால் எந்த மார்கழியில் கண்டது? கே-லுசாக் மானியின் அடிப்படை 15 செல்சியஸ். அதுவும் நமக்கு எட்டாதது. வெப்பத்தில் சாராயம் விரிந்து இலேசாகும். மானி மிகைப்படச் சொல்லும். கூடுதல் ஒவ்வொரு பாகைக்கும் 0.4 கழிப்பது பழைய விதி. 30 செல்சியஸ் வெயிலில் 46 எனக் காட்டுவது உண்மையில் 40. வெப்பமானி இல்லாத திரவமானி பாதிக் கருவியே.

1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோதும் பிரெஞ்சுக் காரைக்கால் அதற்குள் அடங்கவில்லை; எல்லை, அளவின் எல்லையாயிருந்ததுபோய்த் தடையின் எல்லையாயிற்று. பேரரசுகள் போயின; சைக்ஸ் போகவில்லை. இந்திய மதுப்புட்டிகளில் இன்றும் காணும் 42.8 விழுக்காடு என்ற விநோத எண், புரூஃபில் முக்கால் பங்கே. அதாவது 75 பாகை.

இத்தனை துல்லியமும் வரிக்காக வந்தது என்பதை நாம் மறத்தலாகாது. எத்தனாலின் அடர்த்தி 0.789, நஞ்சாகிய மெத்தனாலின் அடர்த்தி 0.792. சோதித்துத் தேறிய மானியும் இவ்விரண்டையும் பிரித்தறியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்தச் சாராயத்திலும் மானி ஓர் எண்ணைக் காட்டியிருக்கும். அக்கருவியிடம் நாம் இருநூறு ஆண்டுகளாகக் கேட்டது 'எவ்வளவு' என்பது மட்டும். 'எது' என்று கேட்க வேறு சோதனை வேண்டும். அது குடிப்பவனின் கைக்கு எட்டியதே இல்லை.